இலைச்சுருட்டுப்புழு: மருந்தடிக்கும் முன் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்

குற்றாலம் என்றதும் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது அருவி. அடுத்து சாரல். அப்புறம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் கூட்டம், குரங்குகள், மங்குஸ்தான், ரம்புட்டான், செங்கோட்டைப் பக்கத்துப் புரோட்டா. ஜூன் பிறந்து, "சீசன் ஆரம்பிச்சாச்சு" என்று செய்தி வந்தால் போதும், தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் தென்காசிக்கு வண்டி பிடித்துக் கிளம்பி விடுவார்கள்.

அதே சாரலை நம்பி இன்னொரு விருந்தாளியும் இருக்கிறது. அதற்கு அருவி தேவையில்லை. அருவியிலிருந்து இறங்கி வரும் சிற்றாற்றுத் தண்ணீரில் விளையும் நெல் வயல் போதும். விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும் ஓர் அந்துப்பூச்சி அது. விவசாயிகளுக்கு அதை விட அதன் பிள்ளையைத்தான் நன்றாகத் தெரியும். பெயர், இலைச்சுருட்டுப்புழு. சிலர் இலை மடக்குப்புழு என்பார்கள்.

நெல்லைத் தாக்கும் பூச்சிகளில் இந்த அளவுக்குப் பயத்தைக் கிளப்பி விட்டு, அந்தப் பயத்துக்குத் தகுந்த சேதத்தைப் பெரும்பாலும் செய்யாமல் போகிற பூச்சி வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு விவசாயி கொடுக்கும் விலை அதிகம். வயலும் ஆறும் கொடுக்கும் விலை அதை விட அதிகம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். இலை சுருண்டதைப் பார்த்ததும் தெளிப்பானைத் தூக்குவது தப்பு. முதலில் எண்ண வேண்டும்.

எதை எண்ணுவது, ஏன் எண்ணுவது என்று புரிய வேண்டுமானால் முதலில் அந்தப் பூச்சியின் கதை தெரிய வேண்டும்.

யார் இந்தப் பூச்சி?

விஞ்ஞானிகள் வைத்த பெயர் நாஃபலோகுரோசிஸ் மெடினாலிஸ். வாயில் நுழையாத பெயர்தான். 1854-ல் கெனே என்ற பிரெஞ்சுக்காரர் இதை முதலில் விவரித்து எழுதினார். கிராம்பிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நெல்லில் வெண்கதிரை உண்டாக்கும் குருத்துப்பூச்சியும் அதே குடும்பம்தான். ஆனால் அண்ணன் தம்பி குணம் வேறு வேறாக இருப்பது போல, இரண்டும் செய்யும் சேதம் வேறு வேறு. குருத்துப்பூச்சியின் புழு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். இது இலையோடு நின்று விடும்.

அந்துப்பூச்சியின் இறக்கையில் கருப்பாக வளைந்து போகும் இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். இறக்கையின் ஓரமும் கருப்பாக இருக்கும். பகலில் நெற்பயிருக்குள் ஒளிந்து கிடக்கும். வரப்பில் நடக்கும்போது கால் பட்டால் குட்டியாக ஒரு பறப்பு பறந்து, இரண்டடி தள்ளி இன்னொரு இலையில் போய் உட்காரும். இரவில்தான் அதன் நடமாட்டம் எல்லாம். விளக்கு வெளிச்சத்துக்கு வரும்.

இத்தனை சின்னப் பூச்சி எவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கிறீர்கள்? ஜப்பானின் பெரும்பகுதியில் குளிர்காலத்தில் இது உயிரோடு இருக்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அங்கே நெல் வயல்களில் வந்து விடுகிறது. காற்றோடு சேர்ந்து சீனாவின் தெற்குப் பக்கத்திலிருந்து கடலைத் தாண்டி வருகிறது. தென்காசியில் அதற்கு அந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. குளிர்காலம் என்று பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு பருவ நெல் முடிந்தால் இன்னொரு பருவ நெல் வருகிறது. நடுவில் வயல் காய்ந்து கிடந்தாலும் வரப்புப் புல்லும் களைகளும் சோளமும் கரும்பும் இருக்கின்றன. அவற்றிலும் அதனால் பிழைத்துக்கொள்ள முடியும்.

ஒரு மாத வாழ்க்கை

தாய்ப்பூச்சி இலையின் நடுநரம்பை ஒட்டி, பெரும்பாலும் அடிப்பக்கத்தில், தட்டையான சிறிய முட்டைகளை வைக்கும். தனித்தனியாகவோ சின்ன வரிசையாகவோ இருக்கும். கண்ணாடி போல மஞ்சள் கலந்த வெள்ளை நிறம். தேடிப் பார்த்தால்கூட சட்டென்று கண்ணில் படாது. நான்கு முதல் ஏழு நாளில் பொரித்து விடும்.

பொரித்து வந்த புழுவுக்கு உடனே இலையைச் சுருட்டத் தெரியாது. இன்னும் விரியாத இளம் குருத்திலைக்குள் போய் சுரண்டித் தின்னும். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் வீடு கட்ட ஆரம்பிக்கும். இலையின் இரண்டு ஓரங்களையும் தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் இழுத்து இழுத்துத் தைக்கும். நூல் காய்ந்து சுருங்கும்போது இலை குழாய் போல மடிந்து விடும். வீடும் அதுதான், சாப்பாடும் அதுதான். உள்ளே உட்கார்ந்துகொண்டு பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும். அடித்தோலை விட்டு விடும். அதனால்தான் இலையில் வெள்ளை வெள்ளையாக நீளக் கோடுகள் தெரிகின்றன. ஒரு வீடு தீர்ந்ததும் அடுத்த இலைக்குப் போய் இன்னொரு வீடு. இப்படி ஒரே புழு பல இலைகளை மடக்கும்.

புழுப் பருவம் சுமார் 15 முதல் 25 நாள். பச்சை நிறம், கண்ணாடி போன்ற உடம்பு, தொட்டால் துள்ளிக் குதித்து நழுவும் சுறுசுறுப்பு. பிறகு சுருண்ட இலைக்குள்ளேயோ பயிரின் அடிப்பக்கத்திலோ கூட்டுப்புழுவாகி ஆறு முதல் பத்து நாள் உறங்கும். அப்புறம் அந்துப்பூச்சியாக வெளியே வரும். முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம். தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பிரபலமான அம்பாசமுத்திரம் 16, அதாவது ஏ.எஸ்.டி. 16 ரக நெல்லின் வயது 110 முதல் 115 நாள். அப்படியானால் ஒரே பயிரில் பூச்சியின் மூன்று தலைமுறை வாழ்ந்து முடித்து விடலாம்.

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. இலை வெளுத்தது வரப்பில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், அந்த வெளுப்பைச் செய்த புழுக்களில் பல ஏற்கெனவே வளர்ந்து முடித்து, கூட்டுப்புழுவாகத் தூங்கிக்கொண்டிருக்கும். மீதி சுருண்ட இலைக்குள் பத்திரமாக இருக்கும். அப்போது தெளிக்கும் விஷத்தில் பாதி யாருக்குப் போகிறது?

சாரலும் நிழலும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய் என்று ஓர் இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் புகுந்து இந்தப் பக்கம் வருகிறது. மற்ற திருநெல்வேலிச் சீமை வெயிலில் காயும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம், பண்பொழி எல்லாம் சாரலில் நனைவதற்கு அதுதான் காரணம். அந்த மாதங்களில்தான் கார் நெல் வயலில் நிற்கிறது. சிற்றாறு, குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனாநதி என்று மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எல்லாம் வயலுக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையோடு பிசான நெல் வருகிறது.

இலைச்சுருட்டுப்புழுவுக்குப் பிடித்த சூழ்நிலை என்ன? காற்றில் ஈரப்பதம் நிறைய வேண்டும். வெயில் கடுமையாக இருக்கக் கூடாது. மேகமூட்டமும் நிழலும் இருந்தால் ரொம்ப நல்லது. சுற்றுலா வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்களோ, அச்சு அசலாக அதேதான்! தென்னந்தோப்பு ஓரத்திலும், மர நிழல் விழும் மூலையிலும் உள்ள வயல்களில் இதன் தாக்குதல் அதிகமாக இருப்பதற்கும் இதே காரணம்தான்.

ஆகவே தென்காசி மாவட்டத்தில் இந்தப் பூச்சியை அடியோடு ஒழித்து விடலாம் என்று யாராவது சொன்னால் அது நடக்காத காரியம். சாரல் இருக்கும் வரை இதுவும் இருக்கும். கேள்வி, இதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான்.

யூரியா வைக்கும் விருந்து

பழைய காலத்தில் இது பெரிய பூச்சியாக இல்லை. நெல் பூச்சிகளின் பட்டியலில் கடைசிப் பக்கத்தில் கிடந்த பெயர். 1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்ட பிறகு, குட்டையான, நிறைய உரம் தாங்கும் நெல் ரகங்கள் ஆசியா முழுவதும் பரவின. விளைச்சல் கூடியது, பசி குறைந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. கூடவே இலைச்சுருட்டுப்புழுவும் முன் பக்கத்துக்கு வந்து விட்டது.

காரணம் சுலபம். தழைச்சத்து அதிகமானால் இலை அகலமாகவும் கரும்பச்சையாகவும் மெத்தென்றும் வளரும். தாய்ப்பூச்சி அந்த வயலைத் தேடி வந்து முட்டை வைக்கும். புழுவும் அதில் கொழுகொழுவென்று வளரும். பக்கத்துப் பக்கத்து வயலாக இருந்தாலும் எது அதிகக் கரும்பச்சையாக நிற்கிறதோ அதில்தான் சுருட்டல் அதிகம் தெரியும்.

மத்திய அரசின் மானியத்தில், 2018-லிருந்து 45 கிலோ யூரியா மூட்டையின் விலை வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் போக 242 ரூபாய்தான். மற்ற உரங்களின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் இல்லை. விலை குறைவு, போட்ட நாலே நாளில் பயிர் கருகருவென்று மாறும், பார்க்க மனசுக்கு நிறைவு. பிறகு எந்த விவசாயிதான் கையை இழுத்துப் பிடிப்பார்? அதனால் நடப்பது இதுதான்: மானிய விலை யூரியாவால் பூச்சியைக் கூப்பிட்டு விருந்து வைப்பது, முழு விலை கொடுத்து வாங்கிய விஷத்தால் அதை விரட்டுவது. இரண்டு செலவும் ஒரே சட்டைப் பையிலிருந்து போகிறது.

இதற்கு மாற்று கையிலேயே இருக்கிறது. இலை வண்ண அட்டை என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் இருக்கும். நெல் இலையை அதில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் யூரியா போட வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம். படிப்பறிவு இல்லாதவரும் பயன்படுத்தலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருடங்களாகப் பரிந்துரைக்கிறது. ஆனால் எத்தனை வீட்டில் அந்த அட்டை இருக்கிறது? உங்கள் வீட்டில் வயல் இருந்தால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பார்வைக்குப் பயங்கரம், கணக்குக்கு?

வெளுத்த வயல் பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும். ரோட்டிலிருந்து பார்க்கிறவர்கூட "என்னவே, உம்ம வயலு இப்படிக் கெடக்கு?" என்று கேட்டு விட்டுப் போவார். மானப் பிரச்சினையாகி விடுகிறது. உடனே மருந்துக் கடைக்குப் போகிறார்கள்.

"அண்ணாச்சி, வயலு பூராம் வெளுத்துப் போச்சு. என்ன மருந்து அடிக்க?"

"இதக் கொண்டு போயி அடியும். நாலு நாள்ல சரியாயிரும்."

நாலு நாளில் சரியாகியும் விடுகிறது! எப்படி? தூர் கட்டும் பருவத்தில் நெல் வேகமாகப் புது இலை விடும் பயிர். பழைய இலைகள் கொஞ்சம் போனாலும் புது இலைகள் வந்து அந்த இடத்தை நிரப்பி விடும். இழந்ததை ஈடுகட்டும் சக்தி அந்த வயதில் பயிருக்கு நிறையவே உண்டு. புழுக்களும் தங்கள் வயது முடிந்து கூட்டுப்புழுவாகி விடுகின்றன. மருந்து அடிக்காமல் விட்டிருந்தாலும் பல வயல்களில் இதேதான் நடந்திருக்கும். ஆனால் பெயர் மருந்துக்குப் போகிறது. அடுத்த பருவத்திலும் அதே கடை, அதே பாட்டில்.

வேளாண் பல்கலைக்கழகம் இதற்கு ஓர் எல்லை சொல்கிறது. பயிர் வளரும் பருவத்தில் 10 சதவீத இலைகள் சேதமானால்தான் நடவடிக்கை. பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் 5 சதவீதம் சேதமானால் நடவடிக்கை. இதற்குப் பெயர் பொருளாதாரச் சேத நிலை. அதாவது, மருந்துக்கு ஆகும் செலவை விடப் பூச்சியால் வரும் நஷ்டம் அதிகமாகும் கட்டம். அதற்குக் கீழே இருக்கும்போது அடித்தால் லாபம் கடைக்குத்தான்.

பூக்கும் பருவத்தில் எல்லை ஏன் பாதியாகிறது? கதிருக்கு அடியில் கடைசியாக வரும் கண்ணாடி இலைதான் நெல்மணிக்குப் பால் பிடிக்கப் பெரும்பங்கு உணவு தயாரித்துத் தருகிறது. அதற்குப் பிறகு புது இலை வராது. அது போனால் போனதுதான். பதர் கூடும். ஆகவே இலைச்சுருட்டுப்புழு தீங்கே செய்யாது என்று யாரும் சொல்லவில்லை. எப்போது தீங்கு, எப்போது வெறும் தோற்றம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே வாதம்.

விஷம் யாரைக் கொல்கிறது?

தமிழில் இதற்கு "மருந்து" என்று பெயர் வைத்ததே வினை. மருந்து என்றால் நோயைக் குணப்படுத்துவது. வயலில் தெளிப்பது யாரையும் குணப்படுத்துவதில்லை.

ஒரு நெல் வயலில் இலைச்சுருட்டுப்புழுவைத் தின்ன எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் தெரியுமா? முட்டையைத் தேடித் தின்னும் வெட்டுக்கிளி போன்ற சில்வண்டு வகைகள் உண்டு. சுருண்ட இலைக்குள்ளேயே புகுந்து புழுவைப் பிடிக்கும் தரைவண்டு உண்டு. பறக்கும் அந்துப்பூச்சியைப் பிடிக்கத் தட்டான்களும் ஊசித்தட்டான்களும் உண்டு. சிலந்திகள் சும்மா இருப்பதில்லை. இவை போதாதென்று குளவிகள். டிரைக்கோகிரம்மா என்ற குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து விடும். பொரிப்பது புழு இல்லை, குளவி! வேறு சில குளவிகள் புழுவின் உடம்பிலேயே குடித்தனம் நடத்தும். சுருண்ட இலையைப் பிரித்துப் பார்க்கும்போது வெள்ளைப் பஞ்சு போலச் சின்னக் கூடுகள் இருந்தால், அது அந்தக் குளவிகள் வேலையை முடித்ததற்கு அடையாளம்.

நடவு முடிந்த ஆரம்ப வாரங்களில்தான் இந்தப் படை வயலில் சேர ஆரம்பிக்கிறது. அப்போது தெளித்தால் முதலில் சாவது இவைதான். புழு சுருளுக்குள் இருக்கிறது, குளவியும் சிலந்தியும் வெளியே திரிகின்றன. விஷத்துக்கு யார் முன்னால் நிற்கிறார்கள் என்று யோசித்தால் போதும்.

அதன் பிறகு வருவது புகையான். நெல்லின் அடித்தண்டில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சி, வயலை வட்டம் வட்டமாகக் கருக வைக்கும் பூச்சி. சில வகை பூச்சிக்கொல்லிகள், முக்கியமாக செயற்கைப் பைரித்ராய்டுகள், புகையானைக் கட்டுப்படுத்தும் சிலந்திகளைக் கொன்று, புகையான் பெருகக் காரணமாகின்றன. வெறும் தோற்றத்துக்குப் பயந்து அடித்த மருந்து, நிஜமான எதிரிக்குக் கதவைத் திறந்து விடுகிறது. இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. புகையானால் பெரும் நாசம் வந்த பிறகு, 1986-ல் அந்த நாட்டு அரசு நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது.

இன்னொன்றும் இருக்கிறது. குற்றாலத்தில் குளிக்கிறவர்கள் தலையில் விழும் தண்ணீர்தான் சிற்றாறாகித் தென்காசி வழியாக வயல்களுக்கு நடுவே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்ந்து, தூத்துக்குடி மாவட்டம் வழியாகக் கடலுக்குப் போகிறது. வழியெல்லாம் குளம், கால்வாய், குடிநீர்த் திட்டம். வயலில் அடித்தது வயலோடு நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வயலில் இறங்குகிற கூலித் தொழிலாளியின் உடம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வியட்நாமில் என்ன செய்தார்கள்?

இதெல்லாம் புத்தகத்தில் நன்றாக இருக்கும், வயலில் நடக்குமா என்று கேட்பவர்களுக்காக இந்தக் கதை.

1990-களில் வியட்நாமின் மீகாங் டெல்டாவிலும் இதே கதைதான். விவசாயிகள் ஆரம்பத்திலேயே மருந்து அடித்தார்கள். பெரும்பாலும் இலையைத் தின்னும் புழுக்களுக்குப் பயந்து. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியல் வல்லுநர் கே.எல். ஹியோங், தகவல் தொடர்புத் துறையைச் சேர்ந்த மோனினா எஸ்கலாடா ஆகியோர் அங்கே உள்ளவர்களோடு சேர்ந்து 1994-ல் லாங் ஆன் மாகாணத்தில் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி: விதைத்த முதல் 40 நாளில் இலைச்சுருட்டுப்புழுவுக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை.

அதை நம்பச் சொல்லவில்லை. உங்கள் வயலிலேயே ஒரு பகுதியில் அடிக்காமல் விட்டுப் பாருங்கள் என்றார்கள். சுவரொட்டி, துண்டுப் பிரசுரம், வானொலி நாடகம் என்று பரப்பினார்கள். விளைவு, பூச்சிக்கொல்லி தெளிக்கும் தடவைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மகசூல் குறையவில்லை.

பிறகு சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளிலும் வரப்பில் எள் போன்ற தேன் தரும் பூச்செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளியானது. பூவின் தேனைக் குடித்துக் குளவிகள் பெருகின. மருந்து தெளிப்பது 70 சதவீதம் குறைந்தது, மகசூல் 5 சதவீதம் கூடியது. வரப்பில் எள்ளும் தட்டைப்பயறும் போடுவது தென்காசிக்காரர்களுக்குப் புதிதா என்ன?

"சும்மா இருக்கச் சொல்வது சுலபம்"

எதிர்வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

குத்தகைக்கு வயல் எடுத்து, நகையை அடகு வைத்து நடவு செய்தவரிடம் போய் "பொறுங்கள், பயிர் தானே தேறிவிடும்" என்று சொல்வது சுலபம். தேறவில்லை என்றால் யார் பொறுப்பு? சொன்னவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மருந்து அடிப்பது அவருக்கு ஒரு காப்பீடு மாதிரி. அடித்தால் தூக்கம் வருகிறது. அந்தத் தூக்கத்துக்குத்தான் விலை கொடுக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ளாமல் விவசாயியை மட்டும் குறை சொல்வது அநியாயம். வயலுக்கு வந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில், ஊருக்குள்ளேயே திறந்திருக்கும் மருந்துக் கடைதான் அவருக்கு ஆலோசனை மையம். அங்கே "ஒன்றும் வாங்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்" என்ற ஆலோசனை எப்படிக் கிடைக்கும்?

ஆனால் அந்தக் காப்பீடு உண்மையிலேயே காப்பாற்றுகிறதா என்பதுதான் கேள்வி. எதிரிகளின் எதிரிகளைக் கொன்று விட்டுப் புகையானுக்கு வழி விடுகிற காப்பீடு என்ன காப்பீடு? பயம் நியாயமானது. பயத்துக்குப் பதில் பாட்டில் இல்லை, தகவல். அந்தத் தகவலை யாரும் கொண்டுவந்து தராவிட்டாலும் வயலிலேயே எடுக்க முடியும்.

எண்ணுவது எப்படி?

காலையில் வயலில் மூலைக்கு மூலை குறுக்காக நடந்து, அங்கங்கே 20 குத்துகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குத்திலும் மொத்த இலைகளையும், வெளுத்த அல்லது சுருண்ட இலைகளையும் எண்ண வேண்டும். ஒரு குத்தில் சுமார் 40 இலை என்று வைத்தால் 20 குத்தில் 800 இலை. அதில் 80-க்குக் கீழே சேதம் என்றால் வளரும் பருவத்தில் தெளிப்பான் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணலாம். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளை மட்டும் எண்ணினால் போதும். 100-க்கு 5 என்பது எல்லை.

சுருண்ட இலைகள் சிலவற்றைப் பிரித்தும் பார்க்க வேண்டும். உள்ளே உயிருள்ள புழு இருக்கிறதா, காலியா, கூட்டுப்புழுவா, இல்லை குளவியின் வெள்ளைக் கூடா? பாதி சுருள் காலி என்றால் தெளித்து என்ன பிரயோஜனம்?

எண்ணிக்கை எல்லையை நெருங்கினாலும் முதல் ஆயுதம் விஷமாக இருக்க வேண்டியதில்லை. முள் கிளையைப் பயிரின் மேல் மெதுவாக இழுத்துச் சுருளைப் பிரித்து விடும் பழைய வழி இருக்கிறது. 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு இருக்கிறது. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊற வைத்து வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கி, கொஞ்சம் சோப்பு சேர்த்தால் தயார். டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டையை நட்ட 37, 44, 51-ஆம் நாட்களில் கட்டலாம். எல்லாவற்றையும் மீறிப் போனால் மட்டும், வேளாண் அலுவலரிடம் கேட்டு, சரியான மருந்து, சரியான அளவு.

முக்கூடற்பள்ளு பாடுகிற முக்கூடல் இதே சிற்றாறு போய்ச் சேரும் இடம்தான். அதில் நெல் ரகங்களின் பெயர் வரிசையாக வருகிறது. அந்தக் காலத்திலும் சாரல் இருந்தது, இந்தப் பூச்சியும் எங்கோ ஓர் ஓரத்தில் இருந்திருக்கும். 1937-லிருந்து அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. அறிவுக்கும் அலுவலகத்துக்கும் குறைச்சல் இல்லை. சாரல் காலத்தில் அருவிக்குத் தண்ணீர் வந்து விட்டதா என்று தினமும் செய்தி வருகிறது. அதோடு, எந்தப் பகுதி வயல்களில் இலைச்சுருட்டல் எத்தனை சதவீதம், அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று வாரம் ஒரு வரி செய்தி சொல்ல மாவட்ட வேளாண்மைத் துறை ஏன் முன்வரக் கூடாது? வானொலியில் சொல்லலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், ரேஷன் கடைப் பலகையில் எழுதிப் போடலாம். மருந்துக் கடை அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருமானம் குறையும், அவ்வளவுதான்.

அதுவரை, வீட்டில் வயல் இருக்கிறவர்கள் இந்தக் கார் பருவத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி அப்பாவோடு, தாத்தாவோடு வயலில் இறங்கி எண்ணிப் பாருங்கள். மொத்த வயலையும் வைத்துப் பரிசோதிக்கப் பயமாக இருந்தால் வியட்நாம்காரர்கள் செய்தது போல ஒரு மூலையில் மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள். அறுவடையில் இரண்டு பக்க நெல்லையும் தனித்தனியாக அளந்தால், யார் சொன்னது சரி என்று தராசு சொல்லிவிடும்.